விளக்கு ஏற்றாத வீடு

எண்ணெய் குடிக்காமல் இருக்கட்டும் என்று புது அகல்களைத் தண்ணீரில் போட்டேன். ஈர மண்வாசனை எங்கள் வேங்கிக்கால் வீடு முழுக்கப் பரவியது. நேற்றுத் தன் பூனையைப் புதைத்த மகள் கயல், அதன் தட்டருகே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "தீபத்தன்னிக்குப் போயி பூனைக்காக அழுவாங்களா? வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

அந்த வாசனையில் எனக்கு மறுபடி எட்டு வயதானது. பேகோபுரத் தெருவில் அப்பா டீக்கடை வைத்திருந்தார். விடியலில் அவரோடு கடைக்கு நடந்துவரும் எங்கள் நாய் மணி, தீபத்துக்கு முதல் நாள் லாரியில் அடிபட்டுச் செத்தது. அப்பா அழுததைப் பார்த்து டீ குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் மாலை மலையில் தீபம் தெரிந்ததும் தெருவெல்லாம் விளக்கு. எங்கள் வாசல் மட்டும் இருட்டு. ஊறவைத்த அகல்களைக் கவிழ்த்துவிட்டு அம்மா வாசலிலேயே நின்றாள். அப்பாவின் அக்கா வந்தார்.

"என்னா, இன்னும் விளக்கு ஏத்தல?"

"எங்க வீட்ல சாவு, அண்ணி."

"நாய்க்கெல்லாம் ஏதுடி தீட்டு?"

"உங்க தம்பி உள்ள அழுதுனு இருக்காரு. எனக்கு அது போதும். சாஸ்திரத்த உங்க வீட்ல வெச்சுக்கங்க."

எதிர்வீட்டு அம்மா இன்னும் நின்றிருந்தார். நான் அகல்களைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கவிழ்த்தேன்.

"இந்த வருஷம் எங்களுக்குத் தீபம் இல்லைங்க," என்றேன். "சாவு வீடு."

கயல் எழுந்து வந்து வாசல் லைட்டையும் அணைத்தாள்.