லான்மாஸ்டர் சத்தத்துக்கு ஓடிய பிஸ்கட்

ஆறு வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை விடுமுறையில் நடந்தது இது. நாங்கள் மன்னார் தீவில், பேசாலைக்கும் மன்னார் டவுனுக்கும் நடுவே தோட்டவெளியில் இருக்கிறோம். தலைமன்னார் வெளிச்சவீட்டையும் பழைய இறங்குதுறையையும் பார்க்கப் போகவேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. எல்லோரும் வெளிக்கிட்ட பிறகு, நாயும் வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்றாள்.

"இதென்ன, நாய்க்கும் சுற்றுலாவோ?" என்று நான் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணவரின் ஓட்டோவில் எனக்கு முன்னமே அது ஏறி இருந்தது.

அதன் பெயர் பிஸ்கட். அந்தப் பயணத்துக்கு இரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் ஊர் பஸ் தரிப்பிடத்தில், உள்ளங்கால்கள் தேய்ந்து இரத்தம் கசியப் படுத்திருந்ததை மகள்தான் தூக்கி வந்தாள். ஒரு வாரம் மட்டும் வைத்திருக்கலாம் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

நல்ல நாய்தான். ஆனால் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஒழுங்கையில் லான்மாஸ்டர் உழவு இயந்திரம் 'டக டக' என்று வந்தால் போதும், சோற்றையும் விட்டுவிட்டு வாசற்படலைக்குப் பாயும். அது கடந்து போனதும் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வரும். "லான்மாஸ்டர்காரன் உனக்கு மாமனோ, மச்சானோ?" என்று நான் ஏசாத நாளில்லை.

அன்றைக்கு வெளிச்சவீட்டடியில் படம் எடுத்தோம். இறங்குதுறையின் துருப்பிடித்த கம்பிகளைத் தூர நின்று பார்த்தோம். கட்டிக்கொண்டு போன புட்டையும் மீன் பொரியலையும் கடற்கரையில் இருந்து, பாதி மணலோடு சாப்பிட்டோம். பிஸ்கட் தன் பங்கை முடித்துவிட்டு என் பங்கையே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் நாயுமாய் அப்படிச் சிரித்த ஒரு நாள் பிறகு வாய்க்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டீசல் இஞ்சின் பூட்டிய பழைய வள்ளம் ஒன்று கரைக்கு வந்துகொண்டிருந்தது. அச்சு அசல் லான்மாஸ்டர் சத்தம். வாளித் தண்ணீரைக் கண்டாலே கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிற நாய், சங்கிலியையும் இழுத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்து நீந்தியது.

"எடேய் ஜிம்மி! ஜிம்மி!" வள்ளத்தில் வந்தவர் இஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் குதித்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

கரைக்கு வந்து அவரே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் மனைவிக்கு வருத்தம் முற்றி, கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாராம். "பஸ்சுக்குப் பின்னால ஓடி வந்தவன். பேசாலை தாண்டியும் பின் கண்ணாடியால பார்த்தா வாறான். பிறகு காணேல்லை. திரும்பி வந்து தேடாத இடமில்லை."

எனக்கு அந்தத் தேய்ந்த கால்கள் நினைவுக்கு வந்தன. இரண்டு வருடமாக இந்த வள்ளத்தை எதிர்பார்த்துத்தான் அது படலைக்கு ஓடியிருக்கிறது. நான் ஏசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அக்கா இப்ப எப்படி, அண்ணை?" என்றேன்.

"அவ அந்த வருசமே என்னை விட்டுப் போட்டா, தங்கச்சி."

கணவர், "நாய் உங்கடதானே அண்ணை, நீங்களே வைச்சிருங்கோ" என்றார். நியாயம் அதுதான். ஆனால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சத்தமில்லாமல் அழுதுகொண்டு நின்றாள்.

அவர் அவளிடம் திரும்பினார்.

"என்ன பேர் வைச்சிருக்கிறியள், பிள்ளை?"

"பிஸ்கட்."

"நல்ல பேர். நான் கடலுக்குப் போனா இவன் தனிச்சுப் போவான். நீங்கள் கொண்டு போங்கோ." நாயின் தலையை ஒரு தரம் தடவிவிட்டு வள்ளத்தடிக்குப் போய்விட்டார்.

நாய் இடையில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வலையை உதறினார். மகள் "பிஸ்கட்" என்று கூப்பிட்டாள். நாய் அசையவில்லை. அவர் திரும்பவுமில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது மெல்ல நடந்து எங்களிடம் வந்தது.

நன்றி சொல்லலாம் என்று அவருக்குக் கிட்டப் போனேன். அந்த வலையில் ஒரு மீன்கூட இல்லை. வெறும் வலையைத்தான் அவ்வளவு நேரமும் உதறிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாமே, அண்ணை" என்றேன்.

"கூப்பிட்டா வந்திடுவான், தங்கச்சி. அதுதான் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான்."

அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தரமாவது பிஸ்கட்டை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். போன வருடம் அது இறந்தபோது அவரும் பஸ் ஏறி வந்து குழி வெட்டினார். லான்மாஸ்டர் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கண் படலைக்குத்தான் போகிறது.

மகள் இப்போது யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்கிறாள். வீடு வெறிச்சென்று கிடக்கிற பின்னேரங்களில் அவளுக்குப் போன் எடுப்பேன். "வா" என்று ஒரு சொல் சொன்னால் படிப்பையும் போட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று தெரியும். அந்த வெறும் வலையை நினைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்துவிடுகிறேன்.