ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்த வழி

வீடு வாங்கும்போது நான் வைத்தது ஒரே ஒரு நிபந்தனைதான். முற்றம் வரை கார் வரவேண்டும். அடுக்களை சின்னதாக இருந்தாலும் சரி, மாடி இல்லாவிட்டாலும் சரி, சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் தாழ்ந்தாலும் சரி. கார் மட்டும் வாசற்படி வரை வந்து நிற்கவேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரையால் வலது கால் முட்டுக்குக் கீழே போய்விட்டது. சிறுநீரகமும் கைவிட்டுவிட, வாரத்தில் இரண்டு நாள் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் செய்துவர வேண்டும். நான் பதினான்கு வருடம் குவைத்தில் நர்ஸாக இருந்து, யார் யாருடைய அப்பாக்களையோ சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியவள். சொந்த அப்பாவை வாடகை வீட்டுப் படிக்கட்டில் இரண்டு பேர் மூட்டை மாதிரித் தூக்கி இறக்குவதை வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் நான் முதலில் சொன்னது அத்தானிடம். தாய்மாமா மகன். மார்த்தாண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டு வீடு, மனை, ரப்பர் விளை என்று எதையும் முடித்துக்கொடுப்பவர். சின்ன வயதில் என்னை சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். வேறு புரோக்கரிடம் போகத் தோன்றவேயில்லை.

"முற்றம் வரை காரு வரணும், அவ்வளவுதானே? நீ பேடிக்காத ஏட்டி. எனக்க மாமாவுக்கு வீடு பாக்கியது எனக்கு வீடு பாக்கிய மாதிரியாக்கும்" என்றார்.

மூன்று வாரத்தில் வீட்டையும் காட்டிவிட்டார். அது யாருடைய வீடு என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் எனக்குப் பாடம் சொல்லித்தந்த சாருடைய வீடு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மகன் பெங்களூரில் இருக்கிறான், அங்கே போய்விடப் போகிறார்கள். வெளுத்த வேட்டியும் ஒரு சுருக்கமில்லாத சட்டையுமாக நின்று, "நம்ம பிள்ளைக்குத்தான் கர்த்தர் வச்சிருந்திருக்காரு" என்று என் தலையில் கைவைத்தார். எனக்கு நாற்பத்தொரு வயது. ஆனாலும் அந்தக் கைக்குக் கீழே பத்து வயதுப் பிள்ளையாகத்தான் நின்றேன்.

வீடு பார்க்கப் போனது மூன்று தடவை. மூன்றும் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பதினொன்றரை மணிக்கு. சார் தன்னுடைய காரில் முன்னால் போவார், நாங்கள் பின்னாலேயே போவோம். தார்ச்சாலையிலிருந்து திரும்பி, ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் கடந்து, அயனி மரத்தடியில் வளைந்தால் முற்றம். இரண்டாம் தடவை அப்பாவையும் கொண்டுபோனோம். காரிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து வாசல் திண்ணைக்கு, எண்ணி நாலே நிமிடம். அப்பா கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வழியின் தொடக்கத்தில் இரண்டு கல்தூண்கள், இரண்டிலும் துளை. எதற்கு என்று கேட்டேன். பண்டு மாடு ஏறாமலிருக்க வைத்தது என்றார் சார். சரி என்று விட்டேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கட்டுமா என்று அத்தானிடம் கேட்டதற்கு, சார் வார நாளெல்லாம் வீடு வீடாக ஜெபத்துக்குப் போகிறவர், தொந்தரவு செய்யவேண்டாம் என்றார். அதற்கும் சரி என்று விட்டேன். ஒரு நோயாளி முகம் சுளித்தால் மூன்று கேள்வி கேட்கிற நான் இத்தனை சரி போட்டதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் தடவை போனபோது விலை பேசி முடிந்தது, அன்றே ஜெபம். எங்கள் பக்கம் அப்படித்தான். முன்பணம் கைமாறும் முன்னால் பாய் விரித்து, பாட்டுப் பாடி, ஒரு சங்கீதம் வாசித்து, பெரியவர் ஒருவர் ஜெபிப்பார். அன்று சாரே ஜெபித்தார். அப்பாவின் காலுக்காக, என் வெளிநாட்டு வியர்வைக்காக, இந்த வீட்டுக்குள் போக்கையும் வரத்தையும் காக்கும்படி, கண்ணீர் வழிய வழிய ஜெபித்தார். அவருடைய மனைவி சக்கப்பழ அடை கொண்டுவந்து வைத்தார்.

அடையைத் தின்றுகொண்டேதான் பழைய பத்திரத்தை, எங்கள் பக்கத்துப் பேச்சில் பிரமாணத்தை, ஒருமுறை பார்க்கலாமா என்று அத்தானின் காதில் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஜெபம் பண்ணினதுக்குப் பொறவு பிரமாணம் எங்கேண்ணு கேட்டா சாருக்க மனசு நோவாதா? அது பேங்க் லாக்கர்ல இருக்கு. எங்கயும் ஓடிப்போவாது" என்றார்.

என் முகமும் சூடாகிவிட்டது, ஏதோ ஆராதனைக்கு நடுவில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டவள் போல. அதன்பிறகு நான் கேட்கவில்லை. பேங்க் கடன் வாங்கியிருந்தால் அவர்களுடைய வக்கீல் தோண்டித் துருவியிருப்பார். கடனில்லாமல் வாங்குகிறேன் என்கிற பெருமை எனக்கு. கடன் இல்லையென்றால் வக்கீல் எதற்கு என்று அத்தானும் சொன்னார். பதிவு அலுவலகத்தில் ஒருவர் மூச்சுவிடாமல் வாசித்தார். எல்லையும் அளவும் கிணறும் மரங்களும் போக, இன்ன பத்திரப்படியுள்ள வழிப் பாத்தியதை உட்பட என்று அதிலிருந்தது. அத்தான் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்ட, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

சார் பெங்களூருக்குக் கிளம்பிய மறுவாரம், ஒரு வியாழக்கிழமை, நாங்கள் குடிவந்தோம். கட்டில், பீரோ, குவைத்திலிருந்து அனுப்பிய பெட்டிகள் எல்லாம் ஏற்றிய டெம்போ முன்னால். பின்னால் காரில் நானும் அப்பாவும். டெம்போ கல்தூண்களுக்கு முன்னால் நின்றுவிட்டது. துளையிலிருந்து துளைக்கு ஒரு இரும்புக் குழாய் குறுக்கே கிடந்தது. ஓட்டு வீட்டிலிருந்து ஒருவர் வந்தார், தோளில் துவர்த்துத் துண்டு. சாருடைய தம்பி என்று அப்போதுதான் தெரிந்தது. சாருக்கு இந்த ஊரில் ஒரு தம்பி உண்டென்று எங்களிடம் யாரும் மூச்சுவிடவில்லை.

சண்டைக்கு வந்தவர் இல்லை அவர். காருக்குள் குனிந்து அப்பாவைப் பார்த்துவிட்டு அவரே தடுமாறிப்போனார். இந்த வழி முழுக்க அவருடைய நிலம். குடும்பத்தில் பாகம் வைத்தபோதே சாருக்கு அந்தப் பக்கம், மரச்சீனிக் கிழங்கு விளையின் ஓரமாக, மூன்றடி நடைவழிதான்; பழைய பத்திரத்தில் உள்ளதும் அதுவே, சாருடைய கார்கூட ரோட்டோரத்தில்தான் கிடக்குமாம். நான் போய்ப் பார்த்தேன். நடுவில் ஏழு படி. சக்கர நாற்காலி ஒருநாளும் இறங்காது.

"ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் திருவட்டாறு பக்கம் எனக்க பெஞ்சாதிக்க வீட்டுச் சர்ச்சுக்குப் போவோம், வர ரெண்டு மணி ஆவும். திரும்பி வந்து பாத்தா கொழாய்க்க பெயின்ட் அடிச்ச முனை அந்தால மாறிக் கெடக்கும். பிள்ளையளுக்க வேலையாக்கும்ணு நெனச்சேன் மக்ளே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. அவர்கள் பஸ் ஏறும்போது ரோட்டு முக்கில் ஒரு நீல ஸ்கூட்டர் நிற்குமாம். பஸ் கிளம்புகிறவரை அந்த ஆள் போன் பேசிக்கொண்டிருப்பாராம். அந்த ஆளின் அடையாளத்தை அவர் சொல்லி முடிக்குமுன் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. அத்தான் அந்த ஸ்கூட்டர் வாங்க குவைத்திலிருந்து உதவியவள் நான்தான்.

அன்று அப்பாவுக்காகக் குழாயை எடுத்துவிட்டார். அப்பா வீட்டுக்குள் வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் சாருக்குப் போன் செய்தேன். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"பிரமாணம் வாசிச்சுக் கேட்டுத்தானே ஒப்பு போட்ட மக்ளே?" என்றார். பிறகு, "நான் உனக்காக ஜெபிக்கேன்" என்றார்.

அதன்பிறகு அந்த எண்ணுக்கு நான் அனுப்பிய எதுவும் ஒற்றை டிக்கைத் தாண்டவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். குவைத்தில் ஒரு கிழவர் மருந்துக் குப்பியை என் முகத்தில் எறிந்திருக்கிறார். இதுபோல ஒன்று வலித்ததில்லை.

அத்தானைத் தேடி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அண்ணன் தம்பிக்குள் உள்ள விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்டேன். ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மடிக்கத் தொடங்கினார். கடை வாசலில் நின்று நான் போட்ட சத்தத்தில் எதிர்ப்பக்கத்துப் பழக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். சைக்கிளின் முன்கம்பியை நினைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

சாருடைய தம்பி வழியை எழுதித் தரமாட்டார். அண்ணன் செய்ததற்கு நான் ஏன் நிலத்தை விடவேண்டும் என்கிறார், அதில் நியாயம் இல்லாமலில்லை. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் மட்டும் திறந்துவிடுவார். அதற்கு ஒவ்வொரு முறையும் நான் அவர் வாசலில் போய் நிற்கவேண்டும். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் மனைவிக்கு முகம் சரியில்லாத நாளில் நான் அவர்கள் முற்றத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். யார் தயவிலும் நிற்கக்கூடாதென்று வாங்கிய வீடு.

எட்டு மாதம் கழித்து அத்தான் வந்தார், கையில் ஒரு கேக் பெட்டியோடு, அந்த ஏழு படியில் இறங்கி. அப்பாவைக் கும்பிட்டார். நான் டீ போட்டுக் கொடுத்தேன், எங்கள் வீட்டில் வந்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்பிய வழக்கமில்லை. மெதுவாக விஷயத்துக்கு வந்தார். வீட்டை விற்றுவிடலாம், போட்ட பணம் அப்படியே வந்துவிடும், ஒரு பார்ட்டி இருக்கிறது என்றார். ஒரு டீச்சரும் மாப்பிள்ளையும்.

"அந்தப் பிள்ளைக்க அம்மைக்கு நடக்க ஏலாது. முற்றம் வரை காரு வரணும், அவ்வளவுதான் அவியளுக்கு. வாற ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரட்டா?" என்றார்.

நான் உடனே பதில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அப்பா உள்ளே இருமினார். செவ்வாய்க்கிழமை மறுபடி அந்த வாசலில் போய் நிற்கவேண்டியதை நினைத்தேன். போட்ட பணம் கிடைத்தால் நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிப் பக்கமே ஒரு வீடு பார்க்கலாம். பதினொன்றரை மணிக்கு வந்தால் பெயின்ட் அடித்த முனையை மாற்றாமல் திரும்பப் போடவேண்டும் என்று என் மனது அதுவாகவே கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு எனக்குள்ளிருந்து வந்ததைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாருங்க அத்தான்" என்றேன்.

அவர் மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். திங்கட்கிழமை யாரும் வரவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் ஓட்டு வீட்டு வாசலில் போய் நின்றேன்.