ஒன்றரை மில்லிமீட்டர்

கிடார் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாசிக்க வருவதில்லை, முடிவெடுக்க வருகிறார்கள். அல்சூரில் பதினோரு வருஷமாக அவர்கள் எதிரே நிற்கிறேன். ஜவுளிக்கடையிலோ செருப்புக்கடையிலோ நின்றவர்களுக்கும் இது புரியும். ஒரே மாதிரி இரண்டு பொருளை அருகருகே வைத்தால் அன்றைக்கு வியாபாரம் நடக்காது.

எங்கள் சுவரில் அப்படி இரண்டு கிடார்கள் இருந்தன. ஒரே மரம், ஒரே வடிவம், கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்றுக்குள் பிக்கப் இருந்தது. வயரைச் செருகினால் ஸ்பீக்கரில் கேட்கும். மற்றதில் அது கிடையாது. ஆனால் இடது கை பிடிக்கும் நெக் ஒன்றரை மில்லிமீட்டர் அதிக அகலம்; அந்த அளவுக்குக் கம்பிகளுக்கு நடுவே இடமும் அதிகம்.

ஆறு சனிக்கிழமைகள்

பிரதீப் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஐ.டி. வேலையில் இருப்பவர். சனிக்கிழமைதோறும் லேப்டாப்போடு வருவார். இரண்டு கிடார்களுக்கும் கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்திருந்தார். ஆறு வாரமும் சமமாகவே வந்தது. கடைசியில் அகல நெக்கைக் காட்டி, "இத யாருக்கும் குடுத்துடாதீங்க சார்" என்றார். எங்களிடம் அதில் ஒன்றுதான் இருந்தது. அவர் பெயரை எழுதி ஒரு சீட்டுக் கட்டினேன். நான் முடிச்சுப் போடுவதற்குள் அவர் கண் பிக்கப் வைத்ததற்குப் போய்விட்டது.

ஸ்பீக்கர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். பி.ஜி. விடுதியில் ஒரு ரூமுக்கு மூன்று பேர், கொஞ்சம் சத்தம் வந்தாலே ஓனர் கதவைத் தட்டுவாராம். பிறகு பிக்கப் எதற்கு?

"இப்ப வேணாம் சார். ஆனா நாளைக்கே ஒரு மேடை கெடைச்சா?"

நான் வாசித்துக் காட்டியது

ஸ்டெல்லா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. விவேக் நகரில் சர்ச் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பவர். மூன்று மாதம் முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் கிடார் உடைந்துவிட்டது என்றார். "வர்ற ஞாயிறு பூசைல நான் வாசிக்கலன்னா என் எடத்துல வேற ஆளப் போட்டுடுவாங்க அண்ணா."

சர்ச் என்றதும் நான் யோசிக்கவில்லை. பிக்கப் வைத்ததை எடுத்து நானே வாசித்துக் காட்டினேன். கடையில் நாலு பேர் முன்னால் வாசிக்க எல்லோருக்கும் கூச்சம். விற்கிறவன் வாசிப்பதுதான் வழக்கம். அவர் தலையாட்டி வாங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை திரும்பி வந்து இடது கையை நீட்டினார். விழுந்ததில் மோதிர விரலும் உடைந்து, கோணலாக ஒட்டியிருந்தது. ஒரு கம்பியை அழுத்தினால் அந்த விரல் பக்கத்துக் கம்பியையும் தொட்டு ஊமையாக்கியது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க வாசிச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு அண்ணா. உங்க விரல் நேரா இருக்குல்ல?"

பெயர்ச் சீட்டு

அகல நெக் கிடாரைச் சீட்டோடு எடுத்து அவரிடம் கொடுத்தேன். ஸ்டூலைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து வாசித்தார். ஆறு கம்பிகளும் தனித்தனியாகக் கேட்டன. நம்பாதவர் போல அதையே இன்னும் இரண்டு முறை வாசித்தார். பிறகுதான் சீட்டைப் பார்த்து, கிடாரை என்னிடம் நீட்டினார்.

பிரதீப்புக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அகல நெக்கை விட்டுக்கொடுத்தால், ஸ்டெல்லா திருப்பித் தருவதைத்தான் அவருக்குத் தர முடியும். திட்டு வாங்கத் தயாரானேன்.

"மூணு நாள் வாசிச்சதா? பரவால்ல சார், அதையே குடுங்க. அப்பாடா, முடிஞ்சுது!"

துளை

சர்ச் ஸ்பீக்கரில் கேட்க, அகல நெக்குக்கு இப்போது பிக்கப் வேண்டும். பின்னறையில் ரிப்பேர் பார்க்கும் பாஷா பாயிடம் கொண்டுபோனேன். வயர் செருக, கிடாரின் அடியில் டிரில்லால் துளை போட வேண்டும். போட்டால் கம்பெனி வாரண்டி போய்விடும். "போனாப் போகட்டும்" என்றார் ஸ்டெல்லா. ஆனால் டிரில் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"முடிஞ்சிடுச்சு, கண்ணத் தொறம்மா. வலிச்சிருந்தா அது கத்தியிருக்கும்ல?" என்றார் பாஷா பாய்.

ஞாயிறு

பூசைக்குப் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். முன்னால் ஸ்டெல்லாவின் கை அசைவது தெரிந்தது. கீபோர்டு எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. ஒரு பாட்டின் நடுவே கீபோர்டு ஓய்ந்தபோது மட்டும் ஆறு கம்பிகளும் கேட்டன. வெளியே வந்தபின், மற்ற இடங்களில் சரியாகக் கேட்கவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

"பின்னாடி நின்னா அப்படித்தான் அண்ணா. அடுத்த வாரம் சீக்கிரம் வந்து முன்னாடி உக்காருங்க."

இப்போதெல்லாம் கிடார் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கையைக் காட்டச் சொல்கிறேன். ஆண்களில் பாதிப் பேர் ஜோசியம் என்று நினைத்து வலது கையை நீட்டுகிறார்கள்.