கேட்காத கேள்விக்கு நான் எழுதிக்கொண்ட பதில்

ஒரு மனு வந்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கு உடனே சீட்டுத் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கேட்டதைச் செய்ய முடியாதென்றால், முடியாது என்பதையும் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்றவன் நான். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த விதியைப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். என் சொந்த விஷயத்தில் அது இரண்டு இடங்களில் செல்லுபடியாகவில்லை. ஒன்று, நான் வேலை பார்த்த அலுவலகம். இன்னொன்று, நம் அம்மன் சந்நிதி. அம்மன் என்னை மன்னிக்க வேண்டும். அலுவலகத்திடம் மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் இல்லை.

ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் குடிபாட்டு மக்களே, நம் கோயில் மலருக்கு ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். குழந்தை பிறந்தது, கல்யாணம் கூடியது, லாரி கவிழ்ந்தும் ஆள் பிழைத்தது என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு வந்தது மனச்சோர்வு. ஓய்வுபெற்றவன், சொந்த வீட்டில் இருப்பவன், சர்க்கரைகூட இல்லாதவன், இவனுக்கு என்ன சோர்வு என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பணியின் கடைசி மாதத்தில் விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பல வருடங்களுக்கு முன் நான் கையெழுத்திட்ட வாரிசுச் சான்று ஒன்றில் ஒரு பெண்ணின் பெயர் விடுபட்டிருந்ததாம். எனக்குக் கீழே இருந்த அலுவலர்கள் அனுப்பிய அறிக்கையில் அந்தப் பெயரே இல்லை. அந்த அறிக்கை கோப்பிலேயே இருக்கிறது. பதிலில் அதைச் சுட்டிக்காட்டினேன். என்னை ஓய்வுபெற அனுமதித்தார்கள். விசாரணை மட்டும் ஓய்வுபெறவில்லை.

முதலில் தூக்கம் போனது. பிறகு ருசி. நாமக்கல்லுக்கு வெளியே, கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் எங்கள் வீடு. அந்த வாடைகூட மூக்கில் ஏறாமல் போனபோதாவது நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். குளிப்பது மலை ஏறுவது போல் இருந்தது. பேப்பரை விரித்தால் எழுத்து தெரியும், செய்தி உள்ளே போகாது. நாள் முழுவதும் மனதுக்குள் ஒரு விசாரணை ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அந்த அறிக்கையை இன்னொரு முறை படித்திருக்கலாமே? ஊருக்குள் ஒருவரை அனுப்பிக் கேட்டிருக்கலாமே? அதில் விசாரணை அதிகாரி நான், குற்றம் சாட்டப்பட்டவன் நான், சாட்சியும் நானே. இப்படி ஒரு விசாரணையை எந்த நீதிமன்றமும் முதல் நாளே ரத்து செய்துவிடும். என் மண்டைக்குள் மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

மனைவி சரோஜா திருச்செங்கோட்டுப் பெண். பேச்சில் உப்பும் காரமும் சரியாக இருக்கும். ஒரு நாள் காலையில் என் எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, நீங்க ஆபீஸ் போறப்பவாச்சும் சாயங்காலம் ஊட்டுக்கு வருவீங்க. இப்ப ஊட்டுலயே இருந்துக்கிட்டு ஊட்டுக்கு வரமாட்டேங்கறீங்க. கெளம்புங்க, சேலத்துக்குப் போலாம்."

சேலத்தில் ஒரு மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு முறை ஆலோசகரிடம் பேசவும் சொன்னார். ஆலோசகர் நிர்மலா வாழப்பாடிக்காரர். என் மகள் வயதிருக்கும். மனதில் வரும் எண்ணத்தை எழுத வேண்டும், அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று பக்கத்தில் எழுத வேண்டும் என்று வீட்டு வேலை கொடுத்தார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் செய்த வேலை அல்லவா? கோடு போட்டு, பத்தி பிரித்து, எண்ணம் ஒவ்வொன்றுக்கும் முடிவுரையும் எழுதினேன்.

அடுத்த வாரம் நிர்மலா அதை வாசித்துவிட்டு ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"சார், 'நான் யாருக்கும் பயன்படாதவன்'னு ஒரு எண்ணம் எழுதியிருக்கீங்க. எதிரான ஆதாரம்ங்கிற இடத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"ஏற்கத்தக்கதாக இல்லை."

"எல்லா எண்ணத்துக்குமே அப்படித்தான் எழுதியிருக்கீங்க. நான் வீட்டு வேலை குடுத்தேன். நீங்க உங்களுக்கே தண்டனை உத்தரவு போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதியது சரிதான் என்று வாதாடினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "ஒரே சிகிச்சைதான் சார். ஒருத்தருக்குச் சீக்கிரம் பிடிக்கும், ஒருத்தருக்கு நாளாகும். வெளியிலிருந்து அழுத்தம் விடாம வந்துக்கிட்டே இருந்தா நாளாகலாம். நடந்ததையே திரும்பத் திரும்பப் போட்டு அரைக்கிற மனசா இருந்தா இன்னும் நாளாகலாம். உங்களுக்கு ரெண்டும் இருக்கு. நாளாகும்னுதான் சொல்றேன். ஆகாதுன்னு சொல்லல."

'ஆகாது' என்ற சொல்லை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

இந்த நிலையில்தான் ஜலகண்டாபுரத்துப் பக்கம் இருக்கும் நம் கோயிலுக்கு அமாவாசைக்கு வந்தேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியூரில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கிணறு வெட்டுவதானாலும் பெண் கொடுப்பதானாலும் அம்மனிடம் பூ கேட்காமல் நாம் இறங்குவதில்லை. சிலை மேல் பூ வைத்து, மனதில் கேள்வியை நினைத்து நிற்க வேண்டும். வலப்பக்கம் பூ விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். விழவே இல்லையென்றால் இன்னொரு நாள் வந்து கேட்க வேண்டும்.

நான் கேட்டேன். விசாரணை எனக்குச் சாதகமாக முடியுமா? நின்றேன். கால் கடுத்தது. பின்னால் காத்திருந்தவர்கள் செருமினார்கள். பூ அசையவே இல்லை. "இன்னொரு நாளைக்கு வாங்க சாமி" என்றார் பூசாரி. அடுத்த அமாவாசைக்கும் போனேன். அன்றும் பூ விழவில்லை.

அம்மன் கைவிட்டுவிட்டாள் என்று முடிவு செய்தேன். அவளே கைவிட்ட பிறகு மாத்திரை எதற்கு? சரோஜாவிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். சேலம் போகும் நாளில் ஏதாவது காரணம் சொன்னேன், மூட்டு வலி, பஸ்ஸில் கூட்டம். நிர்மலா தொலைபேசியில் அழைத்தபோது எடுக்கவில்லை. நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. பூ விழாமல் நாம் வாய்க்கால்கூட வெட்ட மாட்டோம், மருந்து எப்படிச் சாப்பிடுவோம்?

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். சாக வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பும் வந்து போனதுண்டு. கோரிக்கை மாதிரி வரும், நிராகரித்து அனுப்பிவிடுவேன். ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது உத்தரவாக வந்தது. சரோஜா சந்தைக்குப் போயிருந்தாள். நான் எழுந்து போய் வாசல் கதவை உள்ளே தாழ் போட்டேன். கை நடுங்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் அந்த நடுங்காத கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சுவரில் அம்மன் படம் இருந்தது. அதுவரை நான் செய்த வேண்டுதல்கள் எல்லாம் முறையான மனுக்கள். பொருள், பார்வை, கோரிக்கை எல்லாம் உண்டு. அன்று எதுவும் வரவில்லை. "அம்மா" என்றேன். அவ்வளவுதான். வேறு சொல் இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க! பகல்ல எதுக்கு இப்படித் தாழ் போட்டு வெச்சிருக்கீங்க? சந்தையில தக்காளியே வரலீங்க, பாதியிலயே திரும்பிட்டேன். தொறங்க!"

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பை கீழே விழுந்தது. 'ஒன்றுமில்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சரோஜா, என்னைத் தனியா விடாதே. நான் செத்துப்போயிடுவேன் போல இருக்கு."

அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. எதையும் மூன்று முறை திருத்தாமல் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். அது எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தையில் தக்காளி வராதது தற்செயல் என்று யாராவது சொல்லட்டும், வாதாட மாட்டேன். என் வாய் திறந்தது தற்செயல் இல்லை.

சரோஜா அழவில்லை. என் கையை இறுகப் பிடித்தவள் விடவே இல்லை. பிடித்தபடியே மருத்துவருக்குப் போன் செய்தாள். உடனே அழைத்து வாருங்கள், ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள் என்று பதில் வந்தது. பக்கத்துப் பண்ணையின் முட்டை வண்டி சேலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதில் ஏறினோம். ஓட்டுநர் முருகேசன் எங்களை எட்டிப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்குங்களா? ஆருக்குங்க?"

"எனக்குத்தான்" என்றாள் சரோஜா. "இவருகூடக் குடும்பம் நடத்துனதுக்கு. கொஞ்சம் வெரசாப் போ சாமி."

"வெரசாப் போனா பின்னாடி அத்தனையும் ஆம்லெட்டுங்க அக்கா."

"ஆம்லெட் ஆவட்டும். மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். நீ முடுக்கு."

அவன் முடுக்கினான். பள்ளம் வரும்போதெல்லாம் பின்னால் தட்டுகள் கலகலத்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் சரோஜாவின் பிடி இறுகியது. ராசிபுரம் தாண்டி லாரி வரிசையில் வண்டி நின்றபோது, அவள் உதடு மட்டும் அசைவதைப் பார்த்தேன். வண்டி நகர்ந்த பிறகும் அது நிற்கவில்லை.

மருத்துவர் என்னை அன்றே சேர்த்துக்கொண்டார். "மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார். பூ விழாததைச் சொன்னேன். அவர் ஏதும் சொல்வதற்கு முன் சரோஜா எழுந்தாள். கோபத்தில் அவள் முகம் சிவந்திருந்தது.

"அம்மாகிட்ட எதுக்குப் பூ கேட்டீங்க? கேசுக்கு. மாத்திரை திங்கலாமான்னு கேட்டீங்களா? பொழைக்கலாமான்னு கேட்டீங்களா? கேக்காத கேள்விக்கு நீங்களே பதில் எழுதி, அம்மா பேர்ல கையெழுத்தும் போட்டுக்கிட்டீங்களே, இது எந்த ரூல்ல வருதுங்க?"

எந்த விதியிலும் வராது. 'இன்னொரு நாளைக்கு வாங்க' என்று பூசாரி சொன்னதை 'வராதே' என்று படித்தவன் நான். 'நாளாகும்' என்றதை 'ஆகாது' என்று எடுத்துக்கொண்டு வந்தவனும் நான். என் மண்டைக்குள் நடந்த விசாரணையில் யார் என்ன சொன்னாலும் எனக்கு எதிராகவே பதிவு செய்யும் எழுத்தர் ஒருவன் எனக்குள் உட்கார்ந்திருந்தான். அவனை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

அதன் பிறகு குணமானது ஒரே நாளில் நடந்ததல்ல. மாத்திரையை மீண்டும் ஆரம்பித்தார்கள். நிர்மலா வீட்டு வேலையை மாற்றினார். எண்ணங்களுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. சாயங்காலம் அரை மணி நேரம் விசாரணையைப் பற்றி நினைக்கலாம். மற்ற நேரத்தில் அது வந்தால், "அலுவல் நேரம் முடிந்தது" என்று சொல்லிவிட்டுக் கையில் ஏதாவது வேலையை எடுக்க வேண்டும். வெங்காயம் உரித்தேன். செடிக்குத் தண்ணீர் விட்டேன். அரை மணி நேரத்தைப் பல நாட்கள் மீறினேன். மீறியதற்காக என் மீதே நடவடிக்கை எடுக்கவும் ஆரம்பித்தேன். நிர்மலா அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

"விசாரணை முடிஞ்சாத்தான் நல்லாவேன்னு இருந்தீங்கன்னா, உங்க தூக்கத்தை அந்த ஆபீஸ் பீரோவுல வெச்சுப் பூட்டின மாதிரி சார். அது அங்க இருக்கட்டும். நீங்க இங்க தூங்குங்க."

மார்கழியில் ஒரு காலை கோழிப்பண்ணை வாடை மூக்கைத் துளைத்தது. நாற்றம் என்று முகம் சுளித்தேன். சுளித்த பிறகுதான் புரிந்தது, எனக்கு வாடை தெரிகிறது. சரோஜாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இந்த நாத்தத்துக்கு இப்படிச் சந்தோசப்படற மனுசன இப்பத்தானுங்க பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் வெகு நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தை அமாவாசைக்குக் கோயிலுக்கு வந்தேன். பூ கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை என்பதல்ல, விசாரணை அப்படியே கிடக்கிறது. சும்மா நின்று கும்பிட்டேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

குடிபாட்டு மக்களே, இதைப் படிக்கும் உங்களில் யாராவது கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கலாம். கதவைத் திறந்துவிடுங்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம் போக அம்மனிடம் பூ கேட்க வேண்டாம், அவள் ஒருநாளும் அதற்குத் தடை சொன்னதில்லை. மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டே கோயிலுக்கு வாருங்கள். அழகான வார்த்தை வேண்டாம். 'அம்மா' என்றால் போதும், அவளுக்குக் கேட்கும். பதில் எந்த வடிவத்தில் வரவேண்டும் என்பதை மட்டும் அவளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் அனுப்பிய நினைவூட்டல்களுக்கெல்லாம் சேர்த்துப் பதில் ஒன்று வந்தது. மத்தியானம் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனார். நின்றபடியே பிரித்துப் படித்தேன்.

"என்னுங்க வந்திருக்குது?" என்றாள் சரோஜா.

"பரிசீலனையில் இருக்கிறதாம்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சோறு போடட்டுங்களா?"

"போடு. நல்ல பசி."

சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் சாயங்காலம் அவள் வந்து எழுப்பும்வரை தூங்கினேன். அந்தத் தூக்கம் வந்த நாளைக் குறித்து வைத்திருக்கிறேன்: மாசி மாதம், இரண்டாவது புதன்கிழமை.