சத்தம் போடாத வில்

ரமணாசிரமம் பக்கம் அறையைக் காலி செய்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம் வாங்கிய மரவில் என்னிடம் இருக்கிறது. சத்தமே வராது, அதுதான் எனக்குப் பெருமை. ஒரு வருடம் வைக்கோல் கட்டைக் குறிவைத்து அம்பு விட்டுப் பழகினேன்.

கீழ்பென்னாத்தூரில் என் மச்சானுடைய வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றிகள் புகுந்தன. “வில்லு வெச்சினு சும்மாதான இருக்கீங்க மாமா? ஒண்ண அடிங்க, மத்தது தானா ஓடிடும்” என்றான்.

விடியற்காலையில் மூன்று அம்புகளோடு வரப்பில் உட்கார்ந்தேன். முதல் அம்பு பன்றியைத் தாண்டி மண்ணில் குத்தியது. துப்பாக்கி என்றால் வெடிச்சத்தத்திலேயே ஓடியிருக்கும். இந்தப் பன்றி அம்பை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி செடியைக் கிளறியது. இரண்டாவதும் தப்பியது. பன்றிகள் நிமிரக்கூட இல்லை. மூன்றாவதைக் கையில் எடுத்து, எதை அடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீ கொண்டுவந்த என் மனைவி பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். “இன்னும் எவ்ளோ நேரம் குறி பாத்துனு இருப்பீங்க? அதுக்குள்ள கொல்லையே போய்டும்” என்றவள், கடைசி அம்பை என் கையிலிருந்து பிடுங்கி, தூக்குச்சட்டி மூடியில் அதன் இரும்பு முனையால் ஓங்கித் தட்டினாள். பன்றிகள் மொத்தமும் ஓடிப்போயின.

வில்லை இன்றும் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அன்று வீண்போகாத அம்பு, வில்லில் ஏறாத அந்த ஒன்றுதான்.