தேங்காய் உடைத்த வெட்டு

என் வீட்டுக்காரருக்குக் காது போனதற்கு நான்தான் காரணம். ஆறுதல் சொல்ல யாரும் வர வேண்டாம்.

தாராவியில் எங்கள் சந்துக்காரர்கள் மாதம் ஒரு ஞாயிறு சேர்ந்து பன்றி வாங்கிப் பங்கு போடுவார்கள். வெட்டுவது இவர். அந்த ஞாயிறு கத்தி வழுக்கிக் கட்டைவிரல் கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சத்தையும் வெட்டி முடித்தார். மகா வீரர்!

புதன்கிழமை காய்ச்சல், மண்டையிடி. மகளுக்குப் பேசி முடித்த இடத்துச் சம்பந்தியம்மா அன்றைக்கென்று மாட்டுங்காவிலிருந்து வந்திருந்தார். டிஸ்பென்சரிக்கும் கூடவே வந்தார். டாக்டர் விரல்கட்டைப் பார்த்தார்.

"என்ன காயம்? கறி எதுவும் வெட்டுனாரா?"

சம்பந்தியம்மா என் முகத்தையே பார்த்தார். பன்றி என்றால் சம்பந்தம் போச்சு. இவர் வாயைத் திறந்தார், தொடையில் கிள்ளினேன்.

"தேங்கா உடைக்கையில பட்டுட்டு டாக்டர்."

காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை கழுத்து கட்டையாகிவிட்டது. என்னையே யாரென்று தெரியவில்லை அவருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளைக்காய்ச்சல், டிபியால் வந்ததாக இருக்கலாம் என்றார்கள். டாக்டரம்மா அதே காயத்தைக் காட்டிக் கேட்டார். சம்பந்தியம்மா பக்கத்தில் இல்லை. அப்போதும் தேங்காய் என்றேன். ஒரு தடவை சொன்னதை மாற்ற மானம் விடவில்லை, பாவி எனக்கு.

மூன்றாம் நாள் அந்த நீரில் கிருமி வளர்ந்திருந்தது.

"இது பன்னிகிட்டேருந்து வர்றது. மனுஷங்களுக்கு அபூர்வம். தேங்காயில வராது," என்றார் டாக்டரம்மா.

மருந்து ஏறி உயிர் தங்கியது. இரண்டு காதும் போயின.

"முதல்லயே சொல்லியிருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா புதன்கிழமையே இங்க அனுப்பியிருப்பாங்க."

ஒரு மாதம் கழித்துச் சம்பந்தியம்மா அவரைப் பார்க்க வந்தார். காப்பி கொடுத்தேன். இவர் என் பக்கம் குனிந்தார். ரகசியம் பேசுகிறாராம். சந்து முழுக்கக் கேட்டது.

"ஏட்டி, இந்தம்மா போகட்டும், பன்னிக்கறி வாங்கிட்டு வரட்டா?"

எனக்கு உயிரே போய்விட்டது. சம்பந்தியம்மா சிரித்தார்.

"நான் எதுக்குப் போகணும்? எங்க வீட்லயும் ஆக்குவோம். நீங்க முகம் சுளிப்பீங்களோன்னு நான்தான் வாயே திறக்கல."

இவர் என் தோளைத் தட்டினார். "என்ன சொல்லுதாவ? உரக்கச் சொல்லு."

அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன், சம்பந்தியம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று.