பின்கம்பியை விடாதவர்கள்

வண்டி ஓட்டச் சொல்லித்தருகிற தொழிலில் முதலில் தொண்டை போகும், அடுத்து முட்டி போகும், பொறுமை மட்டும் போவதும் வருவதுமாக இருக்கும். திருத்தணியில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித்தருகிறேன். காலையில் காலேஜ் பெண்கள், கொஞ்சம் வெயில் ஏறியதும் வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிற பெண்கள். பைபாஸ் பக்கம், கிருத்திகைக்கு வருகிற வேன்களை நிறுத்துவதற்காக விட்டிருக்கிற பொட்டல்தான் என் பள்ளிக்கூடம். கிருத்திகை அன்றைக்கு எனக்கு லீவு. மற்ற நாளெல்லாம் வெயில்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எனக்குப் பாரமாக இருந்ததே இல்லை. கூடவே வருகிறார்களே, அந்த அப்பாக்களும் அம்மாக்களும், அவர்களைச் சமாளித்துவிட்டு வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. வளர்ந்த பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. நம்மைப் போல இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று ஒரு ஆறுதலுக்காகத்தான் சொல்கிறேன்.

கேன்வாஸ் ஷூ

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் தன் மகள் தேவிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு அரக்கோணத்தில் வேலை கிடைத்திருந்தது. திருத்தணி ஸ்டேஷன் வரைக்கும் வண்டியில் வந்து ரயில் பிடிக்க வேண்டும். முதல் நாள் அவள் மெதுவாக வண்டியை நகர்த்தியதும், இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கம்பியைப் பிடித்தபடியே கூட ஓட ஆரம்பித்தார். "விடுங்க சார்" என்று கத்தினேன். "விட்டுட்டேன் மேடம்" என்றார். தேவிகா திரும்பிப் பார்க்காமலேயே, "நைனா, விடு" என்றாள். "எப்பவோ விட்டுட்டேன் கண்ணு" என்றார், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவருடைய ஒரு செருப்பு பொட்டலின் நடுவிலேயே கிடந்தது.

இனிமேல் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்விட்டேன். அந்த வாரக் கடைசியில் தேவிகாவுக்கே சலித்துப்போய் ஆக்ஸிலேட்டரை நன்றாக முறுக்கினாள். மனிதர் பொட்டலின் அந்தக் கோடி வரைக்கும் ஓடினார். அவள் வண்டியை நிறுத்திய இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவள் தனியாக இன்னொரு சுற்று போய்வந்தாள், கொஞ்சமும் ஆட்டம் இல்லாமல். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "அவதான் நல்லா ஓட்டறாளே சார், கையை விட்டிருக்கலாம் இல்ல?" என்றேன். பாதி பாட்டிலைக் காலிசெய்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"அவ விழமாட்டான்னு மொத நாளே தெரிஞ்சுபோச்சு மேடம். அந்த வேகத்துல கைய விட்டா நான்ல விழுந்துடுவேன்."

எதிரில் நின்று பேசிய போன்

திருவள்ளூரில் காலேஜில் படிக்கிற ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பொட்டலின் ஓரத்தில் புங்க மரத்தடியில் நிற்பார். வாயைத் திறக்க மாட்டார், கிட்டே வரமாட்டார். இப்படி ஒரு அம்மா கிடைத்தாரே என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் பெண் பாதிச் சுற்று போனதும் அவள் பையில் போன் அடிக்கும். ஓட்டும்போது எடுக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருந்ததால், ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி எடுப்பாள். "ஆங், ஆங், கிளாஸ்லதான் இருக்கேன்" என்பாள். திரும்பக் கிளப்பினால் திரும்ப அடிக்கும். ஒரு மணி நேரத்தில் அவள் ஓட்டியதைவிட நிறுத்தியதுதான் அதிகம்.

யாருடி அது என்று ஒருநாள் கேட்டேன். அவள் மரத்தடியைக் காட்டினாள். அந்த அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடந்து போய், "இங்கிருந்தே பொண்ணு தெரியுதுல்ல? எதுக்கும்மா போன்?" என்றேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"தெரியுதுங்க. நாளைக்குத் தெரியாத தூரத்துக்குப் போயிட்டா எடுப்பாளான்னு பார்த்துகினு இருக்கேன்."

காலைத் தூக்க வராதவர்

சரோஜாம்மாவுக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். கணவர் போனபிறகு மகன் முரளியோடு திருத்தணிக்குக் குடிவந்தவர். பஸ் போகாத ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு சமைக்கிற வேலை. தினமும் முரளிதான் பைக்கில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவான். அவனுக்குப் புனேயில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. "நீ தனியா வண்டி ஓட்டினு போறதைப் பார்த்தாத்தான் நான் ரயில் ஏறுவேன்" என்று சொல்லி அம்மாவை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தான்.

நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. வண்டி நகர்ந்ததும் இரண்டு காலையும் தரையில் ஊன்றிவிடுவார். காலைத் தூக்கி உள்ளே வையுங்கள் என்றால், "வரமாட்டேங்குதே மேடம்" என்பார். தரையில் காலைத் தேய்த்துத் தேய்த்தே பொட்டலைச் சுற்றுவார். பக்கத்தில் கூடவே நடந்து நடந்து என் கால்தான் வீங்கியது. முரளி டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவன் முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனது. வேலையையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒருநாள் என்னிடமே கேட்டான். நான் சொல்லிக்கொடுப்பதில்தான் ஏதோ கோளாறு என்று எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்காகப் பள்ளிப்பட்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்கள் பஸ்ஸுக்கு வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஸ்கூட்டர் சர்ரென்று எங்களையும் டிராக்டரையும் தாண்டிப் போனது. காலடியில் ஒரு வெங்காய மூட்டை. ஓட்டிப்போனது சரோஜாம்மா. மறுநாள் முரளி காதில் விழாதபடி விசாரித்தேன். பக்கத்து வீட்டு வண்டியாம். முதல் வாரத்திலேயே ஓட்ட வந்துவிட்டதாம். "அவன் சேர வேண்டிய தேதி வரைக்கும் எனக்குக் காலைத் தூக்க வராது மேடம். நீங்களும் கொஞ்சம் திட்டிகினே இருங்க" என்றார். திட்டினேன். வேறு என்ன செய்வது?

முரளி ஊருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் அவர் காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு அழகாக மூன்று சுற்று சுற்றினார். முரளி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. எனக்குத்தான் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடுத்த மாதம் மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த சரோஜாம்மாவைப் பார்த்தேன். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கான் மேடம். தனியா ஓட்ட இன்னும் பயமா இருக்குதுடான்னு அவன்கிட்ட சொல்லிகினு இருக்கேன். தெனமும் வேலை முடிஞ்சதும் போன் பண்றான்."

யாருக்கும் தெரியாத கிளாஸ்

நந்தினி பொட்டலில் ஒருமுறை சறுக்கி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. பஜாரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிற அவள் அப்பா வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளையும் திட்டவில்லை. வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நந்தினி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, "அக்கா, உங்க வண்டியில ஓட்டறேன்" என்றாள். பின்னாலேயே அவள் அம்மாவிடமிருந்து போன். "நான்தான் மேடம் அனுப்பினேன். அவருக்கு மட்டும் தெரியவேணாம், சாப்பிடாம படுத்துக்குவாரு" என்றார்.

அதே வாரத்தில் புங்க மரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, யாரோ திருடன் என்று கிட்டே போனேன். நந்தினியின் அப்பா. கடையில் பையனை உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறார். "பொண்ணு நல்லாத்தான் ஓட்டுது. வீட்ல தெரிஞ்சா, சாவியை எடுத்து வெச்சிட்டு நீங்களே போய்ப் பார்க்கறீங்களான்னு மானத்தை வாங்கிடுவா. சொல்லிடாதீங்க மேடம்" என்றார். அன்றிலிருந்து அம்மா போன் செய்தால் ஒரு குரல், அப்பா எதிரில் வந்தால் ஒரு முகம் என்று நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் வீட்டு ரகசியத்தையே என்னால் காப்பாற்ற முடியாது, இதில் ஊரார் வீட்டு ரகசியம் வேறு. கடைசியில் தாங்காமல் நந்தினியிடம், உங்க வீட்டில் இரண்டு பேருக்குமே தெரியும், நீயே சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி என்றேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும் தெரியும்க்கா. சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து வந்து நிப்பாங்க."

சோளிங்கர் வரைக்கும்

கடைசியாக என் வீட்டுக் கதை. என் மகள் இந்துவுக்கு ஓசூரில் வேலை. அறையெல்லாம் பார்த்தாகிவிட்டது. வண்டியை எப்படிக் கொண்டுபோவது என்று பேச்சு வந்தபோது, "நானே ஓட்டிகினு போறேன்" என்றாள். என் கணவர் அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே உபாயம், எதையும் ரயிலில் ஏற்றுவது. "வண்டியை பார்சல்ல போட்டுடலாம், உன்னையும் டிக்கெட் எடுத்து ஏத்திடலாம்" என்றார். "அம்மா, நீ சொல்லு. ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுக்கற இல்ல?" என்று இந்து என் பக்கம் திரும்பினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை. "பிரேக் செக் பண்ணிக்கோ" என்றேன். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து போன் செய்துவிட்டாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்களும் பெற்றவர்கள், வீணாகப் பதறுவீர்கள்.

விடிந்ததும் கிளம்பினாள். இவர் கேட் வரைக்கும் வந்து, டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் நான் என் வண்டிச் சாவியை எடுத்தேன். பால் வாங்கப்போகிறேன் என்று சொன்னேன். பால் ஃப்ரிட்ஜில் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. "ஸ்வெட்டர் போட்டுக்க, பனி இருக்குது" என்றார்.

பெரிய இடைவெளி விட்டுத்தான் போனேன். லாரி வந்தால் லாரிக்குப் பின்னால், பஸ் வந்தால் பஸ்ஸுக்குப் பின்னால். அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். வேகத்தடையில் நிதானித்தாள். மாட்டு மந்தை குறுக்கே வந்தபோது காத்திருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வண்டியைத் திருப்பத்தான் மனம் வரவில்லை. இனிமேல் இவளுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் பாக்கியில்லை என்று தெரிந்துவிட்டதே, அதுவாக இருக்கலாம். அடுத்த ஊரில் திரும்பிவிடலாம், அடுத்த ஊரில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே சோளிங்கர் வந்துவிட்டேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் அவள் ஓரமாக ஒதுங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போய் நின்றேன். பால் கதை இங்கே எடுபடாது என்று தெரிந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. என் ஸ்வெட்டர் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். பிறகு என் வண்டியைக் காட்டினாள்.

"ஊர்ல இருந்து ரைட் இண்டிகேட்டரைப் போட்டுகினே வர்றே. எங்கேம்மா திரும்பப் போறே?"

பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்தில் ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன், பெற்றவர்களுக்கு வகுப்பெடுக்க இந்த வட்டாரத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், முதல் ஆளாக நானும் பின்னாலேயே என் கணவரும் வந்து சேர்ந்துகொள்கிறோம்.